401 நெடுஞ்சாலையில் கார்த்தேஜ்

ரொறன்ரோவில் பட்டம் பெற்ற தமிழர் எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றிவிட்டு, மறு தட்டில் பின்லாந்தாரை மட்டும் நிறுத்தினால் தராசு பின்லாந்தார் பக்கம்தான் சாயும். அவர் நூற்றுப்பத்துக் கிலோ என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த முதல் தட்டில் நானும் நிற்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் யாரிடமும் ஒளித்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. வெக்ஸ்போர்டிலிருந்து மிசிசாகாவுக்குக் காலை ஆறு மணிக்குப் புறப்படும் அந்தச் சாம்பல் நிற வான் வண்டியில் யாருக்குமே தெரியாது. விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் கொம்பனி ஒன்றில் அம்மா ஒன்பது வருடமாக வேலை செய்தா. பின்லாந்தார் அங்கே தட்டு வண்டில்களை லொறியில் ஏற்றுபவர். வான் அவருடையது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் முடித்த கோடை விடுமுறையில் நானும் அங்கே வேலைக்குப் போனேன். அப்படித்தான் அவருடைய வானில் ஏறினேன்.

பெயர் வந்த கதை இது. ஏஜென்சிக்காரன் கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி அவரைப் பின்லாந்தில் இறக்கிவிட்டான். இறங்கியதும் பனி, எங்கே பார்த்தாலும் ஊசியிலை மரம், வெள்ளைக்காரர். பின்லாந்தார் பதினொரு நாள் தான் கனடாவில் இருப்பதாகவே நம்பினார். "ஸ்காபரோவுக்கு எந்த பஸ்?" என்று, ரொறன்ரோவில் தமிழர் நிறைந்த அந்தப் பகுதியைத் தேடி, ஹெல்சின்கியில் பதினொரு நாள் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"பன்னிரண்டாம் நாள் எப்பிடி அண்ணை கண்டுபிடிச்சியள்?" என்று யோகன் அண்ணை கேட்பார். வானின் முன் சீற்றில் இருப்பவர் அவர். பின்லாந்தாரைச் சீண்டாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

"பதினொரு நாளா ஒரு தமிழனும் வந்து என்னட்ட ஊர் எது எண்டு கேக்கேல்லை. அப்பத்தான் யோசிச்சனான், இது கனடாவா இருக்கேலாது எண்டு."

அகதி முகாமில் அவருக்குக் கிடைத்தது ஒரு கட்டிலும் ஒரு புத்தகமும். புத்தகம் முன்பு அந்தக் கட்டிலில் படுத்தவர் விட்டுப்போனது. எழுநூறு பக்கம். பின்லாந்து எழுத்தாளர் ஒருவர் எழுதிய சரித்திர நாவல். பழைய கார்த்தேஜ் நகரத்தை ரோமர்கள் முற்றுகையிட்டு எரித்த கதை. அதன் பெயர் ஒரே சொல். வோர்டன் சந்தியில் சொல்லத் தொடங்கினால் அடுத்த பெரிய சந்தியான விக்ரோறியா பார்க்கில்தான் முடியும். அந்த ஒரு புத்தகத்தை வைத்து, ஓர் அகராதியின் துணையோடு, பின்லாந்தார் ஒரு மொழியையே படித்துவிட்டார்.

அதில் ஒரு சின்னச் சிக்கல். கார்த்தேஜின் தளபதிகளும் பூசாரிகளும் பேசுகிற பின்னிஷ் மட்டும்தான் அவருக்குத் தெரியும். குடிவரவு அலுவலகத்தில் நேர்முகத்துக்குப் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரியைப் பார்த்து, "நகர வாயிலின் காவலனே, மூன்று கடல்களைக் கடந்து வந்திருக்கிறேன், என் வாளை உன் காலடியில் வைக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

"அவன் என்ன சொன்னவன்?" இது ராணி அன்ரி. நடுச் சீற்றில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பவ.

"பின்லாந்துக்காரர் லேசில கதைக்க மாட்டினம். ஒரு நிமிசம் என்னையே பாத்தான். பிறகு எழும்பிப் போய் மற்ற அறையில இருந்த ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, 'இன்னொருக்காச் சொல்லுங்கோ' எண்டான்."

அந்த நாட்டில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, இம்முறை சரியான கனடாவுக்கு, அவர் தன் அக்காவிடம் வந்து சேர்ந்தார். புத்தகமும் கூடவே வந்தது. வானின் முன்பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார். ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாட்டு நேரத்தில் நாலு பக்கம் வாசிப்பார். மறுநாள் காலை அந்த நாலு பக்கத்தையும் எங்களுக்குத் தமிழில் சொல்லுவார்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. வான் விக்ரோறியா பார்க்கில் 401 நெடுஞ்சாலைக்குள் ஏறும்போது கதை தொடங்கும். டிக்ஸன் றோட்டில் இறங்கும்போது கதை நிற்கும். எந்த இடத்தில் நின்றாலும் நின்றதுதான். ஒரு வெள்ளிக்கிழமை கார்த்தேஜின் போர் யானை ஒன்று ரோமச் சிப்பாயின் தலைக்கு மேல் காலைத் தூக்கியது. அதற்குள் டிக்ஸன் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலைவரை அந்த யானை மூன்று காலில் நின்றது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராணி அன்ரி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "மிதிச்சிருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தா.

ஆகவே வாகன நெரிசலுக்காகக் கும்பிட்ட ஒரே வான் இந்த நகரத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். யங் வீதியடியில் ஆறு லேனிலும் வாகனங்களின் பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தால் எங்கள் வானுக்குள் ஒரு பெருமூச்சு எழும்பும். சுற்றி உள்ள வாகனங்களில் எல்லாரும் தலையில் கை வைத்திருப்பார்கள். நாங்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கார்த்தேஜ் துறைமுகத்தில் இறங்குவோம். வீதி வெறிச்சோடிக் கிடந்தால் யோகன் அண்ணை கொதிப்பார். "நாசமாப் போவார், இண்டைக்கு ஒருத்தனும் வேலைக்குப் போகேல்லைப் போல!"

அவர் கதை சொல்லும் அழகை என்னவென்று சொல்வது. அந்தப் புராதன நகரத்தின் தளபதி யாழ்ப்பாணத்துத் தமிழில்தான் கட்டளையிடுவான். "டேய், உந்தப் பக்கம் போகாதை, உங்கை ரோமன் நிக்கிறான்!" முற்றுகையில் கவண் பொறிகளுக்குக் கயிறு இல்லாமல் போனபோது கார்த்தேஜின் பெண்கள் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள் என்று ஒரு காலை சொன்னார். ராணி அன்ரி தன் கொண்டையைத் தடவிப் பார்த்து, "என்ரையைக் குடுத்தா ஒரு சப்பாத்துக் கட்டத்தான் காணும்" என்றா. அம்மா சிரிக்கவில்லை. "மறுகா என்ன நடந்த?" என்று கேட்டா. அம்மா மட்டக்களப்பு; அங்கே பிறகு என்பதற்கு மறுகா என்பார்கள். கதை கேட்கத் தொடங்கினால் அவவிடம் அந்த ஒரு கேள்விதான்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்தது பழங்காலச் சரித்திரம். ஆகவே முதல் வாரமே அவருடைய பிழைகளைப் பிடிக்கத் தொடங்கினேன். "அங்கிள், கார்த்தேஜில பச்சை மிளகாய் இல்லை." "அங்கிள், அந்தக் காலத்தில சீனி இல்லை." அவர் கண்ணாடிக்குள்ளால் என்னை ஒருமுறை பார்ப்பார். "புத்தகத்தில கிடக்கு, பிள்ளை." அதோடு வழக்கு முடிந்தது. அந்த மொழி தெரிந்த ஒரே ஆளோடு என்ன வாதாடுவது?

ஜூலைத் தொடக்கத்தில் கொம்பனிச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். அதுவரை விசேஷச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நிறம் இருந்தது. சைவத்துக்குப் பச்சை, நீரிழிவுக்காரருக்கு நீலம், இப்படி. இனி நிறம் இல்லை, விமானக்காரர் பாவிக்கும் நான்கு எழுத்துக் குறி மட்டும்தான். VGML என்றால் சைவம், HNML என்றால் இந்துச் சாப்பாடு, DBML என்றால் நீரிழிவு. ஓகஸ்ட் கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனை. தவறினால் வேலை இல்லை.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும் தெரியாது. இலக்கங்கள் தெரியும், பஸ் நம்பர் தெரியும். எந்த வண்டிலுக்கு எந்தச் சாப்பாடு என்பது அவ கைக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது. இதை வானில் ஒருவருக்கும் தெரியாமல் ஒன்பது வருடம் காப்பாற்றி வைத்திருந்தா.

நான் இருக்கும்போது என்ன பயம்? அன்று மாலையே அரிச்சுவடித் தாள்கள், சிவப்புப் பேனா எல்லாவற்றோடும் சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். F வரைக்கும் போவதற்குள் மூன்று தரம் பெருமூச்சு விட்டேன், இரண்டு தரம் "எத்தனை தரம் சொல்லுறது!" என்றேன். அம்மா எழும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தா. "நீ படிப்பிக்கிறது எனக்கு ஏசுற மாதிரி இரிக்கி புள்ள" என்றா. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கேட்டுப் பார்த்தேன். மேசைக்கு வரவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை கதைக்குள் ஒரு புதுப் பெண் வந்தாள்.

பெயர் அரிசாத். துறைமுகத்தில் கயிறு திரிப்பவள். வயது ஐம்பது. எழுத்துத் தெரியாது. எந்தக் கயிறு எந்தக் கப்பலுக்கு என்பதை அதில் கட்டிய சாய நூலின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். முற்றுகையில் சாயம் முடிந்துபோகிறது. இனிக் கயிற்றில் எழுத்துப் பொறிக்க வேண்டும் என்று துறைமுகத் தலைவன் கட்டளை போடுகிறான். அரிசாத் என்ன செய்வாள்?

"மறுகா?" என்றா அம்மா. சீற்றின் விளிம்புக்கு வந்திருந்தா.

அடுத்த ஆறு கிழமையும் 401 நெடுஞ்சாலையில் அரிசாத் எழுத்துப் படித்தாள். கார்த்தேஜ்காரரின் எழுத்துகள் எல்லாம் முதலில் படங்கள், இங்கிலிஸ் எழுத்துகளும் அவற்றிலிருந்து வந்தவைதான் என்றார் பின்லாந்தார். A என்பது மாட்டுத்தலை. கொம்பு இரண்டும் கீழே வரும்படி தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்கள். B ஒரு வீடு. D கதவு. H வேலி. N நெளிகிற பாம்பு. M தண்ணீரில் அலை. L மாடு சாய்க்கிற கோல். V கொளுக்கி. G ஒட்டகம். வான் ஜன்னலில் படிந்த தூசியில், ஸ்ரியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் கீறிக் காட்டுவார்.

"றோட்டைப் பாருங்கோ அண்ணை! ஒட்டகம் கீறப் போய் எங்களை லொறிக்குள்ள ஏத்திப்போடாதையுங்கோ!" என்று யோகன் அண்ணை கத்துவார்.

வேலியும் பாம்பும் பொறித்த கயிறு, இந்தியாவிலிருந்து வந்த யானைப்பாகருக்கு. கொளுக்கியும் ஒட்டகமும் பொறித்தது, இறைச்சி தொடாத பூசாரிக்கு. எல்லாக் கயிற்றின் கடைசியிலும் தண்ணியும் கோலும் இருக்கும், அது துறைமுகத்து முத்திரை, அதைப் பார்க்கத் தேவையில்லை. இப்படி ஆறு வகைக் கயிறு; ஆறாவது, கதவும் வீடும் பொறித்தது, தளபதியின் கூடாரத்துக்கு. தளபதிக்கு இனிப்பு ஆகாது.

"ஏன் ஆகாது?" என்று நான் கேட்டேன்.

"சலரோகம்."

கார்த்தேஜின் மாபெரும் தளபதிக்கு நீரிழிவு! நான் படித்த பாடப் புத்தகம் ஒன்றிலும் அது இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நூலகத்தில் சொல்லிவைத்து அந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுப்பித்து, இரண்டு வார இறுதியில் வாசித்து முடித்தேன். அரிசாத் என்று ஒருத்தி இருந்தாள். இரண்டாம் அத்தியாயத்தில், ஒரே ஒரு பக்கத்தில். கயிறு திரிக்கிறாள், காய்ச்சல் வருகிறது, செத்துப்போகிறாள். எழுத்தும் இல்லை, படிப்பும் இல்லை.

இதைப் படித்தவுடன் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சோதனைக்கு எட்டு நாள் இருந்தது. வான் நெடுஞ்சாலைக்குள் ஏறியதும் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தேன்.

"அங்கிள், அரிசாத் ரெண்டாம் அத்தியாயத்திலேயே செத்திட்டா. இந்தாங்கோ, எழுதிக் கிடக்கு. தளபதிக்குச் சலரோகமும் இல்லை."

யோகன் அண்ணை திரும்பினார். "என்ன? அப்ப செத்தவளோ ஆறு கிழமையாக் கயிறு திரிச்சுக்கொண்டிருக்கிறாள்?"

பின்லாந்தார் லேன் மாறினார். கண்ணாடிக்குள் என்னைப் பார்க்கவில்லை. "இங்கிலிஸ்காரன் மாத்திப்போட்டான், பிள்ளை. அவங்கள் உப்பிடித்தான்."

"அண்ணை, புளுகுக்கும் ஒரு அளவு வேணும்!" என்று ராணி அன்ரி சிரித்தா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டா. கதை தொடர்ந்தபோது "மறுகா" என்று கேட்க ஆள் இல்லை. டிக்ஸன் வருவதற்கு முன்னரே, முதல் தடவையாக, கதை நின்றுபோனது.

அன்று பின்னேரம் சமையலறை லாச்சியை இழுத்துக் கத்தரிக்கோல் தேடியபோது ஒரு கட்டுக் கடதாசி கையில் வந்தது. கடைகள் போடும் விளம்பரத் தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் மாட்டுத்தலைகள். முதல் தாளில் கண்ணும் காதும் கொம்புமாக முழு மாடு. அடுத்ததில் கண் போய்விட்டது. அடுத்ததில் தலை பக்கவாட்டில் சரிந்துவிட்டது. கடைசித் தாளில் நேராக, உறுதியாக, ஒரு A. அதன் கீழே வீடு B ஆகியிருந்தது, வேலி H ஆகியிருந்தது.

என் பேராசிரியர் இதே படத்தைத் திரையில் காட்டியிருக்கிறா. நான் குறிப்பு எடுத்திருக்கிறேன், சோதனையில் முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த A-க்குள் மாடு நிற்பதை அன்றுதான் கண்டேன். மூவாயிரம் வருடத்துக்கு மேலாக மனிதர்கள் நடந்த தூரத்தை என் அம்மா மரக்கறி விளம்பரத்தின் பின்பக்கத்தில் ஆறு கிழமையில் நடந்திருக்கிறா. காரணம், சமையலறையில் அரிச்சுவடி பிடித்த பல்கலைக்கழக மகள் அல்ல. வண்டில் தள்ளுகிற ஒரு மனிதர்.

"அம்மா, இதை ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

அம்மா தாள்களை வாங்கி லாச்சிக்குள் திரும்ப வைத்தா. "அவளும் என்னப்போல ஒரு பொம்புள, அவளுக்கு ஏலுமெண்டா எனக்கும் ஏலும் எண்டு நினைச்சன். செத்த ஆள்ட்ட படிச்ச எழுத்து புள்ள, நிக்குமா? விடு. வேற வேலை பாப்பம்."

அன்று இரவே அந்த நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் காலை விக்ரோறியா பார்க்கில் வான் ஏறியதும் நான்தான் முதலில் வாய் திறந்தேன். "ஒரு விசயம் சொல்லோணும். நேற்று நான் சொன்னது பிழை. எங்கட பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டனான். அவ பின்னிஷ் தெரிஞ்சவ. இங்கிலிஸ் புத்தகத்தில நூறு பக்கம் வெட்டிப்போட்டாங்களாம். முழுக்க அரிசாத்தின்ர பகுதியாம். அரிசாத் சாகவே இல்லையாம்."

"சலரோகம்?" என்றார் யோகன் அண்ணை.

"அதுவும் கிடக்காம்."

படிப்பு எனக்குத் தந்த மரியாதை முழுவதையும் ஒரே தவணையில் அந்தப் பொய்யில் போட்டேன். பின்லாந்தார் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்த்ததில் பின்னால் வந்த லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது. "நான் அப்பவே சொன்னனான்" என்றார். "புத்தகத்தில கிடக்கு."

யங் வீதி தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கினார். கீல் வீதியை நெருங்கும்போது நடுச் சீற்றிலிருந்து மெல்லக் கேட்டது: "மறுகா?"

சோதனை நாள். இருபது தட்டு, ஏழு வண்டில், கையில் தாளோடு மேற்பார்வையாளர். அடுத்த மேசையில் நான் கரண்டிகளைக் கைதுடைக்கும் தாளில் சுற்றுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். லொறி வாசலில் பின்லாந்தார் ஒரு வண்டிலைக் கவிழ்த்துப் போட்டு, பழுதே இல்லாத சில்லைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அம்மாவின் உதடு அசைந்தது. வேலி, பாம்பு. யானைப்பாகர். இந்துச் சாப்பாட்டு வண்டில். கதவு, வீடு. தளபதி. சலரோக வண்டில். கொளுக்கி, ஒட்டகம். பூசாரி. பதினெட்டுத் தட்டு பிசகாமல் போனது. பத்தொன்பதாவதில் CHML என்று இருந்தது. சின்னப் பிள்ளைகளின் சாப்பாடு.

C! அரிசாத் அந்த எழுத்தைப் படிக்கவில்லை. வாசலைப் பார்த்தேன். பின்லாந்தாரின் கையிலிருந்த ஸ்பானர் பாதியில் நின்றிருந்தது. நூற்றுப்பத்துக் கிலோவும் அப்படியே உறைந்துபோய் இருந்தது.

அம்மா தட்டைத் திருப்பிப் பார்த்தா. மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தா. அம்மா வண்டில்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்தா. பிறகு தட்டைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் வண்டிலில் வைத்தா. இருபதாவதையும் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினா. மேற்பார்வையாளர் தாளில் சரி போட்டு, கட்டைவிரலை உயர்த்தினா.

வாசலில் பெரிய சத்தம். கவிழ்ந்து கிடந்த வண்டிலை நிமிர்த்தப்போன பின்லாந்தார் அதற்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பின்னேரம் வானில் ஏறியதும் அவர் முதல் கேட்டது அதைத்தான். "தங்கச்சி, C-யை நான் மறந்தே போனன். எப்பிடிப் பிடிச்சியள்?"

"மற்ற ஆறு வண்டிலுக்கும் எழுத்துத் தெரியும். தெரியாத எழுத்து மிஞ்சின வண்டிலுக்குத்தானே?" அம்மா இதை அரிசி கழுவுவதுபோல் சொன்னா. பிறகு, "அண்ணை, அது புது எழுத்து இல்ல. அதுவும் ஒட்டகம்தான். ஒண்டுக்குக் கழுத்தில சுமை தொங்குது, மற்றது சுமை இறக்கின ஒட்டகம்."

C-யும் G-யும் ஒரே எழுத்திலிருந்து பிறந்தவை. ரோமர்கள் பின்னாளில் C-க்கு ஒரு கோடு கூட்டித்தான் G-யை உண்டாக்கினார்கள். இது எனக்குப் பாடத்தில் தெரியும். அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் காலைக் கதையில், அரிசாத் துறைமுகத் தலைவனுக்கே ஒரு புது எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். "அறிவித்தல் ஒட்டின அண்டைக்கு லேபிளைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு வாசிக்கிற மாதிரி நிண்டவ. நானும் அந்த நாட்டில முதல் மாதம் பேப்பரை அப்பிடித்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், பிள்ளை." அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது அவர் யூனியன்வில்லில் அக்காவின் வீட்டோடு போய்விட்டார். வானை யோகன் அண்ணை ஓட்டுகிறார். வானொலி பாடுகிறது. யங் வீதியில் நெரிசல் வந்தால் மற்ற எல்லாரையும் போலவே எங்கள் ஆட்களும் திட்டுகிறார்கள்.

நான் பின்னிஷ் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். மிகக் கொடுமையான மொழி. இன்னும் இரண்டு வருடத்தில் அந்த எழுநூறு பக்கத்தையும் மூலத்திலேயே வாசித்துவிடுவேன். இரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு அரிசாத் அதில் இல்லாவிட்டால், எழுதியவர் எங்கேயோ மறந்துபோய் விட்டுவிட்டார் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.